ஒரு நாவலும் மூன்று தேசங்களும்

அமெரிக்க சினிமா வந்து ஐரோப்பிய சினிமாவைக் கெடுத்துவிட்டது என்கிற புகாருக்குக் கிட்டத்தட்ட சினிமாவின் வயதே ஆகிறது. பாரிஸில் சொல்லியிருக்கிறார்கள், ரோமில் சொல்லியிருக்கிறார்கள், லண்டனில் 1927ல் சட்டமே போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். எதிர்க்கட்சியும் பழசுதான். கலைக்குத் தேசம் ஏது, எல்லை ஏது, நல்ல படம் எங்கிருந்து வந்தால் என்ன என்று கேட்கிறவர்கள் அவர்கள். இரண்டு கட்சியிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கொஞ்சம் சோம்பேறித்தனமும் இருக்கிறது. கெட்டது எது, கெடுத்தது யார், கெடாமல் தப்பியது எப்படி என்று ஒரு படத்தையாவது கையில் எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கிற சிரமத்தை இரு கட்சிக்காரர்களும் அநேகமாக மேற்கொள்வதில்லை.

முதலில் ஒரு சின்ன விஷயத்தை ஞாபகப்படுத்திக்கொள்வது நல்லது. 1914க்கு முன்னால் இந்தப் புகார் எதிர்த்திசையில் இருந்தது. பிரான்ஸ் தேசத்துப் பாத்தே கம்பெனியின் படங்கள் அமெரிக்கக் கொட்டகைகளில் வந்து குவிகின்றன என்று அமெரிக்கத் தயாரிப்பாளர்கள்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். சாப்ளின் தம்முடைய குரு என்று மரியாதையுடன் சொல்லிக்கொண்டது மாக்ஸ் லிண்டர் என்ற பிரெஞ்சு நடிகரை. முதல் உலக யுத்தம் வந்தது. ஐரோப்பாவில் படம் பிடிக்கிற தொழில் ஸ்தம்பித்தது. யுத்தம் ஓய்ந்து திரும்பிப் பார்ப்பதற்குள் ஹாலிவுட் கடையை விரித்துவிட்டது. ஆகவே, யார் யாருக்குக் கடன் பட்டவர் என்று உட்கார்ந்து பேரேட்டைப் புரட்ட ஆரம்பித்தால் அது பங்காளி வீட்டுக் கணக்கு மாதிரி முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும்.

அதைவிட, ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு முழுவதும் பார்த்துவிடலாம். நல்ல வேளையாகச் சினிமா சரித்திரமே நமக்காக ஒரு பரீட்சையை நடத்தி வைத்திருக்கிறது. ஒரே நாவல். அதை ஏழு வருஷ இடைவெளிக்குள் மூன்று தேசங்களில் மூன்று டைரக்டர்கள் படமாக்கினார்கள். கேள்வித்தாள் ஒன்று, விடைத்தாள் மூன்று.

நாவலை எழுதியவர் ஜேம்ஸ் எம். கெய்ன் என்ற அமெரிக்கர். பத்திரிகையாளராக இருந்தவர், சினிமாவுக்குக் கதைவசனம் எழுத ஹாலிவுட்டுக்குப் போய், அதில் பெரிதாக எதுவும் சாதிக்காதவர். 1934ல் அவர் வெளியிட்ட அந்தச் சின்னப் புஸ்தகத்துக்கு, 'தபால்காரன் எப்போதும் இரண்டு தடவை மணி அடிப்பான்' என்று பெயர். கதையில் தபால்காரன் என்று ஒரு ஆளே கிடையாது.

கதை இதுதான். கலிபோர்னியாவில் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை, கூடவே ஒரு பெட்ரோல் பங்க். நடத்துகிறவன் நிக் பாப்படாகிஸ் என்ற கிரேக்கன். வயசானவன், நல்லவன், பாட்டுப் பாடுகிறவன். அவன் மனைவி கோரா, இளையவள். ஊர் ஊராகத் திரிகிற பிராங்க் என்ற நாடோடி அங்கே வேலைக்குச் சேருகிறான். அவனும் கோராவும் சேர்ந்து புருஷனைக் கொன்று, கார் விபத்து மாதிரி ஜோடித்துவிடுகிறார்கள். கோர்ட்டில் தப்பிவிடுகிறார்கள். ஆனால் ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை போய்விடுகிறது. கடைசியில் அவள் நிஜமான ஒரு கார் விபத்தில் சாகிறாள். அந்தச் சாவுக்காக, செய்யாத கொலைக்காக, அவன் மரண தண்டனை அடைகிறான். தண்டனைக்குக் காத்திருக்கிறவன் சொல்கிற கதையாகவே நாவல் எழுதப்பட்டிருக்கிறது.

நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்தப் புஸ்தகத்தில் முக்கியமாகப் படுவது ஒன்றுதான். கெய்ன் காரணம் சொல்வதில்லை. பசித்தது, சாப்பிட்டான் என்பது போல, ஆசைப்பட்டான், கொன்றான் என்று எழுதிக்கொண்டு போகிறார். மனசாட்சி, குடும்பம், தெய்வம், சமூகம் எதைப் பற்றியும் ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. வாக்கியங்களுக்கு நடுவில் ஒரே வெற்றிடம். அந்த வெற்றிடத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்பதுதான் படம் எடுக்க வந்தவர்களுக்கு வைத்த பரீட்சை. காரணத்தை ஒவ்வொரு தேசமும் தன் மடியிலிருந்து எடுத்துப் போட்டது.

முதலில் எழுதிக் கொடுத்தது பிரான்ஸ். 1939ல் பியேர் ஷெனால் எடுத்த 'கடைசித் திருப்பம்'. அந்த வருஷங்களில் பிரெஞ்சுப் படங்களுக்கென்று ஒரு தனி மணம் ஏற்பட்டிருந்தது. மார்ஸெல் கார்னேயின் 'பனிமூட்டத் துறை' 1938ல் வந்தது. அவருடைய 'விடிகிறது' 1939ல். நனைந்த தெரு, மங்கலான விளக்கு, தப்பி ஓடிக்கொண்டிருக்கிற ஒரு மனிதன், அவன் தப்ப முடியாது என்று முதல் ரீலிலேயே நமக்குத் தெரிந்துவிடுவது: இவைதான் அந்தப் படங்களின் லட்சணங்கள். விதி என்பது அங்கே ஒரு சீதோஷ்ண நிலை மாதிரி. குடையைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நடமாட வேண்டியதுதான். ஷெனாலின் படத்திலும் கொலைக்குக் காரணம் அப்படிப்பட்ட ஒரு விதிதான். ஆனால் அந்தப் படத்தை நினைக்கும்போது நினைவுக்கு வருவது காதலர்கள் அல்ல. புருஷனாக நடித்த மிஷேல் ஸிமோன்தான். அந்தப் பெரிய முகமும், அவலட்சணமும், அதில் வழிகிற வெகுளித்தனமும் படத்தையே தம் பக்கம் இழுத்துக்கொண்டுவிடுகின்றன. கெய்னுடைய நாவலில் கொல்லப்பட வேண்டியவன். பிரெஞ்சுப் படத்தில் கொல்லப்படக் கூடாதவன். நடிகனை நம்பி, முகத்தை நம்பி, பேச்சை நம்பிப் படம் எடுக்கிற ஒரு தேசத்தின் விடை அது.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பிரெஞ்சு மணம், பிரெஞ்சு மணம் என்று நாம் சொல்கிற அந்தப் பனிமூட்டத்தை, கார்னேக்காகக் காமிராவில் பிடித்துக் கொடுத்தவர் ஆய்கன் ஷுஃப்டான் என்ற ஜெர்மானியர். ஹிட்லரால் தேசம் விட்டு வந்தவர். ஷெனாலும் யூதர் என்பதால் யுத்த காலத்தில் பிரான்ஸை விட்டு அர்ஜென்டினாவுக்குப் போக நேர்ந்தது. தேசிய பாணி என்பது சுத்த ரத்தம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது விடை இத்தாலியிலிருந்து வந்தது. அது எழுதப்பட்ட சூழ்நிலையைச் சொல்லாமல் அதன் அருமை விளங்காது. முசோலினியின் அரசாங்கம் 1938ல் வெளிநாட்டுப் படங்களை இறக்குமதி செய்கிற உரிமையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஹாலிவுட்டின் நான்கு பெரிய கம்பெனிகள் கோபித்துக்கொண்டு விலகின. வேலி போட்டாயிற்று. இனிமேல் சுதேசிக் கலை தழைக்க வேண்டியதுதானே? தழைத்தது என்ன தெரியுமா? 'வெள்ளை டெலிபோன் படங்கள்' என்று பிற்காலத்தில் கேலியாகப் பெயர் வாங்கிய படங்கள். பணக்கார வீடு, பளபளப்பான மாடிப்படி, படுக்கை அருகில் வெள்ளை டெலிபோன், அதில் சிணுங்குகிற கதாநாயகி. எல்லாம் ஹாலிவுட் ஹாஸ்யப் படங்களைப் பார்த்துச் செய்த சரக்குகள். அசல் வராமல் வாசலில் நிறுத்திவிட்டார்கள். நகல் உள்ளேயே முளைத்தது.

அதே சமயத்தில் இத்தாலியில் எழுத்தாளர்கள் சிலர் வேறொரு காரியம் செய்துகொண்டிருந்தார்கள். செஸாரே பவேஸே, எலியோ வித்தோரினி போன்றவர்கள் அமெரிக்க நாவல்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்கள். பவேஸே 1932லேயே 'மோபி டிக்'கை இத்தாலியில் கொண்டுவந்துவிட்டார். வித்தோரினி தொகுத்த அமெரிக்க எழுத்துத் தொகுதி சென்ஸார் கையில் அடிபட்டு வெளிவந்தது. அமெரிக்காவின் மேல் இவர்களுக்குப் பெரிய மோகம் என்று சொல்லிவிட முடியாது. ரோமாபுரியின் பெருமை, வீரம், தியாகம் என்று சர்க்கார் ஒலிபெருக்கிகள் முழங்கிக்கொண்டிருந்த நாட்டில், வியர்வையும் பசியும் உள்ள மனிதர்களைப் பற்றி வெறும் வார்த்தைகளில் எழுதலாம் என்று அந்த நாவல்கள் காட்டின. அது அவர்களுக்குத் தேவைப்பட்டது.

லுகினோ விஸ்காந்தி இந்தக் காற்றைச் சுவாசித்தவர். பிரான்ஸில் ழான் ரெனுவாரிடம் உதவியாளராக இருந்தவர். கெய்னுடைய நாவலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ஒன்றை ரெனுவார்தான் அவர் கையில் கொடுத்தார். அமெரிக்கக் கதை, பிரெஞ்சு பாஷை வழியாக, பாஸிஸ்ட் இத்தாலிக்கு வந்து சேர்ந்தது. யுத்தத்தின் நடுவில், 1942ல், விஸ்காந்தி படம் பிடித்தார். 1943ல் 'வெறி' என்ற பெயரில் அது வெளிவந்தது. உரிமைக்காகக் கெய்னுக்கு ஒரு காசு போகவில்லை. 'இரவல் உடைமை இசைவாய் இருக்கிறது, என் பிள்ளையாணை நான் கொடுக்கமாட்டேன்' என்று நம்மில் ஒரு பழமொழி உண்டே, அந்தக் கதைதான்.

ஆனால் அந்த இரவல் புடவையை விஸ்காந்தி உடுத்திய விதம்! கலிபோர்னியா போய், போ நதியின் சமவெளி வந்துவிட்டது. வெயில் காய்கிற வெள்ளை ரோடு, அணைக்கரை, புழுதி, பெராரா நகரம், அங்கோனா துறைமுகம். வழிப்போக்கன் ஜினோ ஒரு லாரியின் பின்னால் தூங்கிக்கொண்டு வந்து இறங்குகிறான். அவன் முகத்தை வெகுநேரம் நமக்குக் காட்டுவதில்லை, முதுகைத்தான் காட்டுகிறார். ஜியோவானா அவனை நிமிர்ந்து பார்க்கும்போதுதான் நாமும் பார்க்கிறோம். ஒரு காட்சியில் ஜியோவானா, சாப்பிட வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, கழுவாத பாத்திரங்கள் மலையாகக் குவிந்து கிடக்கிற சமையலறையில் தனியாக உட்கார்ந்து, ஒரு தட்டில் எதையோ போட்டுக்கொண்டு நாலு வாய் சாப்பிடுகிறாள். பத்திரிகையைப் புரட்டுகிறாள். அப்படியே கண் அயர்ந்துவிடுகிறாள். கதை ஒரு அடிகூட நகரவில்லை. ஆனால் அவள் ஏன் கொலைக்குத் துணிந்தாள் என்று கேட்கிறவனுக்கு அந்தப் பாத்திரக் குவியலைத் தவிர வேறு பதில் வேண்டியதில்லை. கெய்ன் விட்டுவைத்த வெற்றிடத்தில் விஸ்காந்தி ஒரு சமையலறையை வைத்துவிட்டார்.

புருஷன் பிராகானாவும் சும்மா வந்து போகிறவனில்லை. அங்கோனாவில் நடக்கிற பாட்டுப் போட்டியில் மேடையேறி வெர்டியின் ஆபெராப் பாட்டைப் பாடுகிற ரசிகன். அன்றைக்கே சாகப் போகிறவன் இப்படி உருகிப் பாடுவதைப் பார்க்கும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது, வயிற்றைப் பிசையவும் செய்கிறது. நாவலில் இல்லாத ஒரு பாத்திரத்தையும் விஸ்காந்தி சேர்த்திருக்கிறார். 'ஸ்பெயின்காரன்' என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒரு தெருவித்தைக்காரன். காசில்லாத ஜினோவுக்கு ரயில் டிக்கெட் வாங்கிக் கொடுத்து, வா, சேர்ந்து போவோம் என்கிறவன். கொலைக்குப் போகிற ரோட்டில் இன்னொரு ரோடும் பிரிந்து போயிற்று என்று காட்டுவதற்காக வந்தவன் மாதிரி இருக்கிறான்.

படத்தில் குறை இல்லாமலில்லை. நீளம் அதிகம். ஜியோவானா கர்ப்பவதியான பிறகு வருகிற கடைசிப் பகுதியில் டைரக்டர் நம் கண்ணீரை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார் என்று தெரிந்துவிடுகிறது. ஆனாலும் இந்தப் படத்திலிருந்துதான் புதிய இத்தாலிய சினிமா ஆரம்பிக்கிறது என்பதை அநேகமாக எல்லா விமரிசகர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். முசோலினியின் மகன் வித்தோரியோ, இது இத்தாலியே அல்ல என்று சொல்லிவிட்டுக் கொட்டகையை விட்டு வெளியேறினார் என்று ஒரு கதை உண்டு. படம் பல ஊர்களில் தடுக்கப்பட்டது. நெகடிவ் அழிந்தது, விஸ்காந்தி ஒளித்து வைத்திருந்த பிரதி தப்பியது. வெள்ளை டெலிபோன்தான் இத்தாலி, அழுக்குப் பாத்திரம் அந்நியம் என்று சொல்கிற அளவுக்கு ஒரு சர்க்காருக்குத் தன் தேசம் அடையாளம் தெரியாமல் போயிருந்தது! அடையாளம் காட்ட ஒரு அமெரிக்க நாவல் வேண்டியிருந்தது.

மூன்றாவதாக வந்தது சொந்த வீட்டுக்காரனின் விடை. நாவல் வந்த கையோடு எம்.ஜி.எம். கம்பெனி உரிமையை வாங்கிவிட்டது. வாங்கி, பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டது. ஹாலிவுட் தனக்குத்தானே போட்டுக்கொண்ட ஒழுக்க விதிகள் 1934ல் கடுமையாக்கப்பட்டிருந்தன. பாவத்துக்குத் தண்டனை உண்டு என்பதோடு, பாவம் கவர்ச்சியாக இருக்கக் கூடாது என்பதும் விதி. கெய்னுடைய இன்னொரு கதையை பில்லி வைல்டர் 1944ல் படமாக்கி வெற்றி பெற்ற பிறகுதான் பூட்டைத் திறக்கத் துணிச்சல் வந்தது. அந்த வைல்டரும் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் பிறந்து பெர்லினில் தொழில் கற்றவர். 1946ல் டே கார்னெட் டைரக்ட் செய்து, லானா டர்னரும் ஜான் கார்பீல்டும் நடித்த படம் வெளிவந்தது.

அதில் கோரா முதலில் தோன்றுகிற காட்சி பிரசித்தமானது. ஒரு லிப்ஸ்டிக் தரையில் உருண்டு வருகிறது. பிராங்கின் பார்வையோடு காமிராவும் அது வந்த வழியே திரும்பிப் போகிறது. வாசற்படியில் இரண்டு கால்கள். வெள்ளைச் செருப்பு, வெள்ளை நிஜார், தலையில் வெள்ளை முண்டாசு. விஸ்காந்தியின் படத்திலும் ஜினோ முதலில் பார்ப்பது ஜியோவானாவின் கால்களைத்தான். அவை ஒரு சமையலறையில் தொங்கி ஆடிக்கொண்டிருக்கிற கால்கள். இரண்டு தேசத்துக்கும் நடுவில் உள்ள தூரம் இந்த இரண்டு ஜோடிக் கால்களுக்கு நடுவில் இருக்கிறது. லானா டர்னர் ஏறக்குறையப் படம் முழுவதும் வெள்ளையிலேயே வருகிறார். நாளெல்லாம் அடுப்படியில் நிற்கிறவள். உடம்பில் ஒரு எண்ணெய்க் கறை கிடையாது. இந்தத் துணிகளை யார் வெளுத்துப் போடுகிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. அது ஹாலிவுட்டில் கேட்கக் கூடாத கேள்வி.

இன்னொரு மாறுதல் இதைவிடப் பெரிது. நிக் பாப்படாகிஸ் இந்தப் படத்தில் நிக் ஸ்மித் ஆகிவிட்டான். நாவலில் அவன் கிரேக்கன் என்பது சாதாரண விஷயமில்லை. தான் வெள்ளைக்காரி, இவன் என்னவோ வேறு என்கிற அருவருப்பு கோராவின் மனசில் ஊறிக்கொண்டே இருக்கிறது. குடியேறியவனின் கடை, குடியேறியவனின் பணம், அதை அனுபவித்துக்கொண்டே அவனை வெறுக்கிற மனசு. அமெரிக்காவைப் பற்றி அந்த நாவல் சொல்கிற மிகக் கசப்பான உண்மை அதுதான். அமெரிக்கப் படம் அந்த உண்மையைப் பெயர்ப்பலகையோடு சேர்த்து அழித்துவிட்டது.

ஆனால் ஹாலிவுட்டை இதோடு தள்ளிவிட்டால் அது அநியாயம். குறிப்பிட்டுச் சொல்ல வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது: கோர்ட்டு. அரசாங்க வக்கீலும் எதிர்த்தரப்பு வக்கீலும் இரண்டு உயிர்களை நடுவில் வைத்துக்கொண்டு நூறு டாலர் பந்தயம் கட்டுகிறார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் லாப நஷ்டக் கணக்கில் கொலை மறைந்துபோகிறது. இந்தப் பகுதியை அமெரிக்கப் படம் என்ன வேகத்தோடு, என்ன கூர்மையோடு எடுத்திருக்கிறது! ஒரு தேசம் தனக்குத் தெரிந்ததைப் பேசும்போது குரலே மாறிவிடுகிறது. பிரான்ஸுக்குக் கொலை ஒரு விதி. இத்தாலிக்கு அது ஒரு வாழ்க்கையின் விளைவு. அமெரிக்காவுக்கு அது ஒரு கணக்கு. கணக்கு கடைசியில் நேராக வேண்டும். அதனால்தான் சாகப் போகிற பிராங்க் தபால்காரனின் இரண்டாவது மணியைப் பற்றி விளக்கம் சொல்லி, கடன் தீர்ந்தது என்கிற திருப்தியோடு போகிறான்.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால், அமெரிக்கப் பாதிப்பால் ஐரோப்பா கெட்டது என்று எப்படிச் சொல்வது? ஒரு அமெரிக்கப் புஸ்தகம் இத்தாலிக்குப் போய் இத்தாலிய சினிமாவுக்குக் கண் கொடுத்திருக்கிறது. எதிர்க்கட்சிக்காரர்கள் ஜெயித்துவிட்டார்களா?

இல்லை. 1946க்குப் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். யுத்தம் முடிந்ததும், ஐந்தாறு வருஷமாகத் தேங்கிக் கிடந்த அமெரிக்கப் படங்கள் மடை திறந்தாற்போல் ஐரோப்பாவுக்குள் வந்து விழுந்தன. டி ஸிகாவின் 'சைக்கிள் திருடர்கள்' 1948ல் வந்தது. 1952ல் நடந்த இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டதும் அதுதான். அந்த விழா சென்னைக்கும் வந்தது. அந்தப் படத்தில் ஏழைத் தொழிலாளியின் சைக்கிள் எந்த நிமிஷத்தில் திருடு போகிறது? ரீட்டா ஹேவர்த் படம் போட்ட சினிமா விளம்பரத்தை அவன் ஏணியில் ஏறி நின்று சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிற நிமிஷத்தில். டி ஸிகா இதற்கு ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. ஹாலிவுட் அழகியின் காகிதச் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டிருக்கிறவனின் பிழைப்பு முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது.

அந்தப் படத்துக்குப் பணம் தேடி அலைந்தபோது நடந்த ஒன்றை டி ஸிகாவே சொல்லியிருக்கிறார். ஹாலிவுட் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் பணம் தர முன்வந்தார். நிபந்தனை, கதாநாயகனாக காரி கிராண்ட் நடிக்க வேண்டும். டி ஸிகா மறுத்துவிட்டு, ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியைப் பிடித்து நடிக்க வைத்தார். காரி கிராண்ட் நல்ல நடிகர்தான். அவர் ஒரு சைக்கிளைத் தொலைத்தால் இன்னொன்று வாங்கிவிடுவார் என்று பார்க்கிறவனுக்கு நிச்சயமாகத் தெரியும். படமே அங்கே முடிந்துவிடும்.

கெய்னின் நாவலும் ஒரு அமெரிக்கப் பொருள். செல்ஸ்னிக்கின் பணமும் ஒரு அமெரிக்கப் பொருள். முதலாவதை விஸ்காந்தி தேடிப் போய், திருடிக்கூட எடுத்துக்கொண்டார். இரண்டாவது, வாசலில் வந்து நின்று பேரம் பேசியது. பாதிப்பு வேறு, ஆக்கிரமிப்பு வேறு. நம் புகார்க்காரர்களும் எதிர்க்கட்சிக்காரர்களும் காலம் காலமாக இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள்.

பிரான்ஸில் இந்த வித்தியாசத்தை ஒரே வருஷத்தில் பார்க்கலாம். 1946 மே மாதம் வாஷிங்டனில் லியோன் புளூமும் அமெரிக்க மந்திரி பர்ன்ஸும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, யுத்தக் கடன் சலுகைகளுக்குப் பதிலாகப் பிரான்ஸ் தன் கொட்டகைகளைத் திறந்துவிட்டது. பதின்மூன்று வாரத்தில் நான்கு வாரம் மட்டும் பிரெஞ்சுப் படத்துக்கு. மீதியில் யார் வேண்டுமானாலும் போட்டியிடலாம். 1948 ஜனவரியில் நடிகர்களும் டைரக்டர்களும் தொழிலாளிகளும் பாரிஸ் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். அந்த வருஷமே நான்கு வாரம் ஐந்து ஆயிற்று. கொட்டகை டிக்கெட்டில் ஒரு வரி போட்டு அதைப் பிரெஞ்சுப் படத் தயாரிப்புக்குக் கொடுக்கிற சட்டமும் வந்தது. அமெரிக்கப் படத்துக்கு விற்கிற டிக்கெட்டிலும் அந்த வரி உண்டு. இது ஆக்கிரமிப்புக்குச் சரியான மருந்து. இத்தாலியச் சர்வாதிகாரி போட்ட வேலி மாதிரி அல்ல. படம் வரலாம், ஆனால் வீட்டுக்காரனுக்கும் அடுப்பு எரிய வேண்டும் என்கிற ஏற்பாடு.

அதே 1946ல், அதே கொட்டகைகளில், நீனோ பிராங்க் என்ற விமரிசகர் புதிதாக வந்த அமெரிக்கக் குற்றப் படங்களைப் பார்த்து 'கறுப்புப் படம்' என்று ஒரு பெயர் வைத்தார். அமெரிக்கர்கள் தாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று பிரெஞ்சுக்காரன் வைத்த பெயரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். அந்தப் படங்களின் நிழலும் இருட்டும் பாதி பெர்லினிலிருந்து போனவை என்பது வேறு விஷயம். அமெரிக்கப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களில் ஒருவர் ழான் பியேர் மெல்வில். உண்மைப் பெயர் குரும்பாக். அமெரிக்க நாவலாசிரியரின் பெயரைத் தமக்கு வைத்துக்கொண்டவர். தலையில் அமெரிக்கத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் திரிந்தவர். இதைக் கேட்டால் இவரை ஒரு நகல்காரர் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

அவருடைய 1967ஆம் வருஷத்து 'ஸாமுராய்' படத்தைப் பார்த்தால் அந்த நினைப்பு மாறிவிடும். கூலிக்குக் கொலை செய்கிறவன் கதை. மழைக் கோட்டு, தொப்பி எல்லாம் ஹாலிவுட். ஆனால் படத்தின் முதல் பத்து நிமிஷம் வசனமே இல்லை. ஒரு காலி அறை, கூண்டில் ஒரு பறவை, கட்டிலில் ஒரு மனிதன். ஹாலிவுட்டில் யாரும் இவ்வளவு நேரம் சும்மா இருக்கமாட்டார்கள். இந்த மௌனம் எங்கிருந்து வந்தது என்பது இரண்டு வருஷம் கழித்துத் தெரிந்தது. 1969ல் மெல்வில் எடுத்த 'நிழல்களின் படை' ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்து ரகசிய எதிர்ப்பு இயக்கத்தைப் பற்றியது. அவரே அந்த இயக்கத்தில் இருந்தவர். அதிலும் அதே காலி அறைகள், அதே தொப்பிகள், யாரையும் நம்ப முடியாத அதே மௌனம். நண்பனைக்கூடக் கொல்ல வேண்டியிருந்த நாட்களைப் பற்றி நேரடியாகப் பேச வராத மனிதர், அமெரிக்கக் கொலைகாரனின் கோட்டைப் போட்டுக்கொண்டு இத்தனை வருஷம் அதையேதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. இரவல் வாங்குகிறவனுக்குச் சொல்வதற்குச் சொந்தமாக ஒரு வலி இருந்துவிட்டால், இரவல் சட்டை அவன் உடம்புக்குத் தானே சரியாகிவிடுகிறது. வலி இல்லாதவனுக்கு வெள்ளை டெலிபோன்தான் மிச்சம்.

கடைசியாக, அந்தப் பழைய நாவலுக்கே திரும்பி வருகிறேன். 2008ல் கிறிஸ்டியன் பெட்ஸோல்ட் என்ற ஜெர்மன் டைரக்டர் அந்தக் கதையைத் தழுவி 'யெரிகோ' என்று ஒரு படம் எடுத்தார். இடம், ஜெர்மனியின் வடகிழக்கு மூலை. வேலை இல்லாத பிரதேசம். வேலைக்கு வருகிறவன் ஆப்கானிஸ்தான் யுத்தத்திலிருந்து அனுப்பப்பட்ட சிப்பாய். மனைவி கடனில் மூழ்கியவள். கட்டிக்கொண்டவனிடம் அந்தக் கடனாலேயே கட்டுண்டவள். புருஷன் அலி, துருக்கியிலிருந்து வந்து, வரிசையாகச் சிற்றுண்டிக் கடைகள் வைத்து முன்னுக்கு வந்தவன். அந்த நாட்டில் சம்பாதித்தும் அந்த நாட்டுக்காரன் ஆக முடியாதவன்.

1946ல் ஹாலிவுட் ஸ்மித் என்று மாற்றிவிட்ட பெயரை, அறுபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு ஜெர்மானியர் தேடி எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டார். கலிபோர்னியாக் கிரேக்கனும் ஜெர்மனித் துருக்கியனும் ஒரே ஆள்தான். கெய்ன் அவனைப் பார்த்து எழுதினார். சொந்த ஊர்க்காரர்கள் அவனை அடையாளம் தெரியாதவர்கள் மாதிரி இருந்துவிட்டார்கள். பெட்ஸோல்டுக்கு அடையாளம் தெரிந்தது. அவர் ஊரிலும் தெருக்கோடியில் அவன் கடை வைத்திருந்தான்.